கொண்டலாத்தியைக் கண்ட ரீற்றா அக்காவுக்கு

என் உயிரோடு ஒட்டிய ரீற்றா அக்கா,

வருகிற யூலையோடு நீங்கள் போய் ஒரு வருடம். ஆண்டுப் பூசைக்குச் சொல்லிவிட்டேன். நான் செய்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடமும் சொன்னேன். அவர் மன்னித்துவிட்டார். நீங்கள் மன்னித்தீர்களோ தெரியாதே, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏழு வருடம் உங்கள் குருவிகளை என் கொப்பியில் எழுதினேன். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் கூட்டித் துடைத்தே நீங்கள் என்னைவிட நல்ல பிரெஞ்சு பேசினீர்கள், எழுத்துத்தான் வரவில்லை. நான் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தை வைத்துக் குசினி மேசையில் எழுத்துப் பழகியவள். ஞாயிறு பின்னேரம் கிராமத்தில் குருவி பார்த்துவிட்டுக் கார் து லெஸ்ட் ஸ்டேஷனில் ரயிலால் இறங்கி, எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு நடந்து வரும்போதே போன் எடுப்பீர்கள்.

"கணக்குப்பிள்ளை, கொப்பியை எடு. வானம்பாடி நாலு. குயில் ஒண்டு, காணேல்லை, சத்தம் மட்டும்."

"காணாததையும் எழுதிறதோ அக்கா?"

"பின்னை? நீ மாதாவைக் கண்டிட்டே செபமாலை சொல்லுறாய்?"

எங்கள் செபமாலைப் பெண்கள் உங்களை விட்டார்களா? "குருவி பாக்க ரயில் ஏறிப் போறாவாம். ஏன், லாச்சப்பலிலை புறா இல்லையோ?" என்று ஒருத்தி கேட்டாள். "புறாவும் உங்களை மாதிரித்தான். தீன் போடுற இடத்தை விட்டு எழும்பாது" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தேன்.

ஒவ்வொரு மே மாதமும் என்னைக் கூப்பிட்டீர்கள். ஞாயிறு பூசை இருக்கிறதே என்று நான் சொல்லுவேன். சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலும் கடன் தீரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சேற்றுச் சப்பாத்தும் கழுத்தில் தூரக்கண்ணாடியுமாக, உங்கள் குருவிக் குழு வெள்ளைக்காரரோடு நிற்க எனக்கு வெட்கம், அக்கா. அதைப் பூசையின் தலையில் போட்டேன்.

போன வருட மே மாதம், ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிற இரண்டு தடவைக்கு இடையில், கிழமை நாளொன்றில் ஒருவருக்கும் சொல்லாமல் தனியே போனீர்கள். மாதாவின் மாதம். அன்று செபமாலை என் வீட்டில், ஆறு மணிக்கு ஆட்கள் வரப்போகிறார்கள். நான் வடை சுட்டுக்கொண்டு நிற்கிறேன். அந்தக் கிராமத்து ஸ்டேஷனிலிருந்து போன்.

"மெற்றி, கொண்டலாத்தியடி! எங்கடை மன்னார்க் கொண்டலாத்தி. கொண்டையை விரிச்சுக்கொண்டு நிண்டது. பட்ட ஆப்பிள் மரத்துப் பொந்துக்குள்ளை போய்ப் போய் வருது. எந்தத் தோட்டமெண்டு சொல்லுறன், எழுது."

சொன்னீர்கள். எந்தத் தெரு, எந்தச் சுவர், எத்தனையாவது மரம், எல்லாம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னீர்கள். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வடையைத் திருப்பினேன். அதற்கு முதல் கிழமைதான் என் குசினியில் இருந்தபடி, மருந்து மயக்கத்தில் மன்னார் வீட்டுக் கிணறு வற்றிவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். இதுவும் மருந்தின் வேலை என்று நினைத்துவிட்டேன். "ஓம் அக்கா, எழுதிட்டன்" என்றேன். எழுதவில்லை. கொப்பியில் பொய் ஏறக்கூடாது என்று உங்களிடம் பொய் சொன்னேன்.

அதோடு விட்டேனா? வந்த பெண்களிடம், "அக்காவுக்கு மருந்து தலைக்கு ஏறிட்டுது. மன்னார்க் குருவியெல்லாம் இஞ்சை தெரியுதாம்" என்றேன். உங்கள் மனம் தெளிய வேண்டுமென்று அன்றைய செபமாலையை ஒப்புக்கொடுத்தோம். பதினைந்து பேர். நான்தான் முன்னின்று சொன்னேன்.

மறுநாளே ஒருத்தி உங்களிடம் வந்து அதை ஆறுதலாகச் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு "கொப்பியை எடு" என்ற குரல் வரவேயில்லை. களைப்பு என்று நினைத்தேன். களைப்புத்தானோ, அக்கா? கடைசிக் கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்க வந்து, பிறகு தண்ணீர் கேட்டீர்களே, அது என்ன?

போன ஞாயிறு நான் அந்தக் கிராமத்துக்குப் போனேன். உங்கள் குழுவை நடத்துகிற ஜெரார், அந்தப் பழைய தபால்காரர், கொப்பியைக் கொண்டு வரச்சொல்லி அழைத்திருந்தார். இரு பக்கமும் பச்சைக் கோதுமை, புல் முழுக்கப் பனி. என் சப்பாத்து நனைந்து ஊறிவிட்டது. ஜெரார் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். சுவருக்கு அப்பாலிருந்து ஊப், ஊப், ஊப். பிறகு ஒன்று தெருவைக் கடந்து பறந்தது. செம்மண் நிற உடம்பு, கறுப்பும் வெள்ளையுமாகச் சிறகு. வேலிக்கட்டையில் குந்திக் கொண்டையை விசிறிபோல விரித்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"இந்தப் பக்கம் இதைக் கண்டு எத்தனையோ வருடம்" என்றார் ஜெரார்.

"ரீற்றா போன வருடமே கண்டா. மரப்பொந்தில்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "எந்தத் தோட்டம்?" என்று ஜெரார் கேட்டார். அங்கே மூன்று பழைய ஆப்பிள் தோட்டங்கள். பட்ட மரங்களை இந்த இலையுதிர்காலத்தில் வெட்டப்போகிறார்களாம். கூடு கட்டுகிற மரத்தைக் காட்டினால் அதை விட்டுவைப்பதாகத் தோட்டக்காரர் சொல்லியிருக்கிறாராம். ஜெரார் கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். போன வருட மே மாதம் பாதியில் நின்றிருந்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நடந்ததைச் சொன்னேன். அவர் கொப்பியை மூடி என் கையில் தந்தார். "ரீற்றாவின் கண் ஒருநாளும் பிழைவிட்டதில்லை, மதாம்" என்றார்.

அன்றிலிருந்து உங்கள் குரலை நினைவில் தேடுகிறேன். தோட்ட வாசலில் நீலக் கேற் என்றீர்களோ? அல்லது இப்போது நானாகச் சேர்க்கிறேனோ? எனக்குக் கேட்பதெல்லாம் எண்ணெய்ச் சத்தம்தான்.

வருகிற வியாழன் செபமாலை மறுபடி என் வீட்டில். அதே பதினைந்து பேரும் வருவார்கள். முடிந்து எழும்ப முதல் அவர்களை இருத்தி இந்தக் கடிதத்தை வாசிப்பேன். பிறகு சனி மாலைப் பூசை கண்டுவிட்டு, ஞாயிறு முதல் ரயிலில் போய் மூன்று தோட்டத்திலும் மரம் மரமாகப் பார்ப்பேன். வெட்ட வருமட்டும் ஒவ்வொரு ஞாயிறும் போவேன். பொந்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நீங்கள் தெளிந்த மனதோடு கண்டீர்கள் என்று அந்தப் பதினைந்து பேருக்கும் சொல்லியிருப்பேன், அக்கா. இது சத்தியம்.

லாச்சப்பலிலிருந்து,
ஒரு வயிற்றில் பிறக்காத உங்கள் தங்கச்சி,
மெற்றில்டா