மாப்பிள்ளை காருக்கு நீ சொன்ன ஆயில்

அன்புள்ள மகனுக்கு,

முதலாளியின் மாப்பிள்ளை காரைக் கெடுத்தது நீதான். இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு நலம் விசாரிக்க வாய் வருகிறது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, துணியைக் குவித்து வைக்காமல் துவைத்துப் போட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். ஒன்பது நாளாக நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அப்பா இதைப் படமெடுத்து அனுப்புவார், அவர் கட்டைவிரலும் சேர்ந்து விழுந்திருக்கும், பொறுத்துப் படித்துக்கொள்.

அவருடைய பந்தயக் காரின் எஞ்சினை ஒர்க்ஷாப்பில் பூட்டியது நான். உள்ளே சுற்றுகிற கிராங்குக்கும் அதைத் தாங்குகிற பேரிங்குக்கும் நடுவில் சாதாரண வண்டிக்கு விடுவதைவிடக் கூடுதல் இடைவெளி விட்டு, மைக்ரோமீட்டரில் மூன்று முறை அளந்து, ஐம்பது நம்பர் கெட்டி ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று எஞ்சின் மூடியிலேயே பெயின்டில் எழுதினேன். மாப்பிள்ளை உன்னோடு படித்தவர் ஆயிற்றே, உனக்குப் போன் போட்டிருக்கிறார். நீ ஆயில் கம்பெனி லேப்பில் உட்கார்ந்தபடி, "இருபது ஊத்துங்க, லேசா இருக்கும், வண்டி பறக்கும்" என்றிருக்கிறாய். இடைவெளி எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டாயா? கண்ணைப் பார்க்காமலே கண்ணாடி எழுதிக் கொடுக்கிற டாக்டரை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

வண்டி பறந்தது, மூன்று ரவுண்டு. நான்காவதில் ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தது. கண்ணை உறுத்துகிறது என்று மாப்பிள்ளை அதன் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு இன்னும் பத்து ரவுண்டு ஓட்டியிருக்கிறார். ஸ்டிக்கரில் சிரிக்கிற மூஞ்சி வேறு. வண்டி என்னிடம் வந்ததும் நான் முறையாகத்தான் பார்த்தேன். ஆயில் அளவு சரியாக இருந்தது. சென்சரை மாற்றினேன், அப்போதும் விளக்கு எரிந்தது. அதையும் நம்பாமல் பிரஷரை அளக்கிற தனி கேஜ் மாட்டினேன். ஆறிய எஞ்சினைக் கிளப்பியபோது அறுபது காட்டிய முள், சூடேறி ஆக்சிலேட்டரை விட்டு ஐடிலுக்கு வந்ததும் எட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. உன் ஆயில் சூட்டில் தண்ணீராகி, பேரிங்கில் நான் விட்ட இடைவெளியில் நிற்காமல் ஒழுகுகிறது. ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்தால் மடிப்பெல்லாம் செம்புத் தூள், பேரிங் தேய்ந்து வந்த தூள். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, ஜிகினா மாதிரி இருக்கு" என்றார்.

ஆயில்தான் காரணம் என்றேன். அதற்கு அவர் சொன்னதைக் கேள். "ஆயில் சொன்னது யாரு, நீ பெத்த எஞ்சினியரு. படிச்ச புள்ள தப்பா சொல்லுமா? அப்ப நீ பூட்டினதுலதான் கோளாறு." பதினெட்டு வருடமாக எஞ்சின் பூட்டுகிற கை இது. இந்தக் கைக்கு இல்லாத மரியாதை, எஞ்சினையே பார்க்காத உன் வாய்க்கு. பூட்டியவள் பொம்பளை என்றால் சந்தேகப்பட இவர்களுக்குக் கேஜ் கூடத் தேவையில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஸ்டிக்கரைப் பற்றி மூச்சு விடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து என்னை எஞ்சின் ரூமிலிருந்து எடுத்து வண்டி கழுவுகிற இடத்தில் போடுகிறார்களாம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், "நீ சரின்னா என்ன, அவன் சரின்னா என்ன, ரெண்டும் நம்ம வீட்டுப் பேருதானே" என்கிறார். அன்றிலிருந்து காப்பியை அவரே போட்டுக் குடிக்கிறார். கழுவுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. அங்கே நிற்பவர்களிடம் யாரும் எதற்கும் காரணம் கேட்பதில்லை, அதுதான் எனக்குத் தாங்காது.

நீ நன்றாக இரு, உன் படிப்பு உனக்கு இன்னும் பெரிய நாற்காலி வாங்கித் தரட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இனி யார் ஆயில் கேட்டாலும், எஞ்சினைப் பூட்டியது யார் என்று முதலில் கேள்.

இப்படிக்கு,
திங்கட்கிழமை வரை எஞ்சின் ரூமில் இருக்கும்
உன் அம்மா

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டில்தான் இருப்பார். அவரைக் கூப்பிட்டு, "நான் ஒண்ணும் கேக்காம சொல்லிட்டேன், தப்பு என்னோடது, அம்மா பூட்டினது சரி" என்று உன் வாயால் சொல்ல வேண்டும். சொல்வாயா?