அரை மணிக்கு ஒரு கட்டணம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? ஒசாக்காவில் நான் சுகம்தான்.

எங்கள் கிளப்புக்கு வாரம் தவறாமல் வரும் குராமோத்தோ, மனைவியை இழந்தவர். பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதற்கு அரை மணிக்கு ஒரு கட்டணம். நாங்கள் குடிப்பதும் அவர் கணக்கில்தான். போன வாரம் மனசு கேட்காமல், "போதும் சார், பில் ஏறிக்கிட்டே போகுது. வீட்டுக்குப் போங்க," என்றேன்.

"அங்க போய் சுவத்தோடயா பேசச் சொல்ற?" என்றவரின் முகம் சுருங்கிவிட்டது.

நேற்று வந்து வேறு பெண்ணைக் கேட்டு உட்கார்ந்தார். "வந்த ஆளை விரட்டவா உனக்குச் சம்பளம்?" என்று முதலாளியம்மா கத்தினாள். நீ கவலைப்படாதே.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. இங்கே எல்லோருக்கும் நான் ரினா. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு அம்மா.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்,
சிஹாரு