நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் குளிர்

அம்மா,

பள்ளி நூலகத்துக்குப் புதிதாக வந்த புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் உன் கை இருக்கிறது. முகம் பாதிதான், கை முழுதாக. முழங்கைக்குக் கீழே மயிர் சிலிர்த்து நிற்பதுகூட வழவழப்பான தாளில் தெரிகிறது. படத்தின் அடியில், நம் ஊருக்கு வந்த அந்த ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கிறார்: 'விளைச்சலின் முதல் பங்கை மௌனமாகத் தெய்வத்திடம் ஒப்படைக்கும் மலைப்பெண். பக்தியின் பரவசத்தில் மெய்சிலிர்க்கிறாள்.'

பக்கத்தை முகர்ந்து பார்த்தேன். மை வாசனைதான். பூண்டு வாசனை இல்லாத உன் கையை நான் பார்த்ததே இல்லை.

மதம், பண்பாடு என்று இப்படிப்பட்ட புத்தகங்கள் இப்போது ஒரு தட்டு முழுக்க வந்துவிட்டன. நான்கு நாள் தங்கி நானூறு வருடத்தைப் புரிந்துகொண்டவர்கள் எழுதியவை. கூடவே படமும் எடுத்துவிடுகிறார்கள். படத்தில் எல்லோரும் மெதுவாக நடக்கிறார்கள், பின்னால் புல்லாங்குழல். ஒருத்தியாவது மூக்கைச் சிந்துவதில்லை. அதையெல்லாம் நான் விழுந்து விழுந்து படித்தேன், பார்த்தேன். அதுதான் வெட்கம்.

அந்த மழை நாள் உனக்கு நினைவிருக்கும். நான் எட்டாம் வகுப்பு. பிடுங்கிய பூண்டுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாய், பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. வளைவில் இருக்கும் முருகன் கோயிலுக்குள் கட்டை இறக்கி, சாமிக்கு முன்னால் ஓரமாக வைத்தாய்.

"ஏலே முருகா, மழ விடுற வரைக்கும் பாத்துக்கடா. மாடு வாய வச்சிச்சு, ஒன்ன சும்மா விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மிச்சக் கட்டை எடுக்கக் காட்டுக்கு ஓடினாய்.

கோயில் வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஆராய்ச்சியாளர் அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலை கேமராவோடு ஆட்களைக் கூட்டி வந்தார். மழை இல்லை, பனி மட்டும் புல்லில் வெள்ளையாகக் கிடந்தது.

"ஸ்வெட்டரும் குல்லாவும் வேண்டாம்மா. பாரம்பரியமா தெரியணும்."

"குளிருதுங்க சார்."

"ரெண்டே நிமிஷம். அப்புறம், ஒண்ணும் பேசாம வைங்க."

"பேசாம வச்சா அவனுக்கு எப்படி சார் தெரியும்?"

கேமராக்காரர் சிரித்தார். ஆராய்ச்சியாளர் சிரிக்கவில்லை. நான்தான் அவசரப்பட்டேன். "கழட்டும்மா. பெரிய பெரிய புஸ்தகம் எழுதுறவங்க சொல்றாங்கல்ல." நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். "நீ சொல்றேன்னு கழட்டுறேன்டி. வெரசா முடிக்கச் சொல்லு." அந்தப் பழுப்பு ஸ்வெட்டரை என் கையில் திணித்தாய். அது சூடாக இருந்தது. நீ ஏழு முறை பூண்டை வைத்து எடுத்தாய். நான் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு, படத்தில் அம்மா வரப்போகிறாள் என்ற பெருமையில் நின்றேன்.

போன வருடம் நீ கண்ணை மூடிவிட்டாய். இப்போது அந்தப் படத்தை எங்கள் பள்ளியில் திரையிட்டு, புத்தகத்தையும் அறிமுகம் செய்தார்கள். வரவேற்புரை எனக்கு. டீச்சர் கேட்டதும் குதித்தேன். மூன்று பக்கம் புகழ்ந்து எழுதியும் முடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தேன். அந்த மூன்று பக்கத்தை வாசித்திருந்தால், உன்னை இரண்டாம் முறையும் குளிரில் நிறுத்தியிருப்பேன்.

விழாவன்று உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனேன். "யூனிஃபார்ம் ஸ்வெட்டர் எங்க? கெஸ்ட் வர்ற நாள்ல இது என்ன கோலம்?" என்றார் டீச்சர். "இதுவும் படத்துல வர வேண்டியதுதான் மிஸ்" என்று சொல்லிவிட்டு மேடை ஏறினேன்.

மடித்து வைத்த தாளைப் பிரிக்கவில்லை. அந்தக் கை என் அம்மாவுடையது என்றேன். அது பரவசம் இல்லை, குளிர் என்றேன். மேடையில் இருந்த ஆராய்ச்சியாளரைப் பார்த்து, ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னது நீங்கள், கழற்ற வைத்தது நான் என்றேன். அம்மா சாமியிடம் மௌனமாக இருந்ததே இல்லை என்றேன். அவள் சொன்னது இதுதான் என்று அப்படியே சொல்லிக் காட்டினேன். பின்வரிசையில் நம் ஊர்ப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

ஆராய்ச்சியாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். புன்னகையோடு குறிப்பேட்டை எடுத்து, "சுவாரசியமான உள்ளூர் விளக்கம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அம்மா, நீ அவருக்கு விளக்கம்! அடுத்த புத்தகத்தில் நானும் மெய்சிலிர்த்து நிற்பேன் போலிருக்கிறது. கிளம்பும்போது ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். புத்தகம் என்றால் என் கை தானாக நீண்டுவிடுகிறது, உனக்குத் தெரியும்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கையில் மழை பிடித்தது. அந்தப் புத்தகத்தை ரோட்டோரமே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் உள்ளே உன் கை இருக்கிறது. மறுபடியும் அதை எப்படி நனைய விடுவேன்? வளைவில் கோயிலுக்குள் போய், நீ பூண்டை இறக்கிய அதே ஓரத்தில் பையை வைத்தேன். யாரும் படம் எடுக்கவில்லை.

"பூண்டு இல்லடா, புஸ்தகம். மழ விடுற வரைக்கும் பாத்துக்க" என்று சத்தமாகவே சொன்னேன்.

பிறகு உன் ஸ்வெட்டரின் கைகளை விரல்வரை இழுத்து விட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.