இரண்டு லைட்டுக்கு ஒரே பியூஸ்

அன்புள்ள மச்சான் தேவாவுக்கு,

வண்டிகளுக்கு வயர் வேலை செய்யும் என் கட்டுகஸ்தோட்டைக் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ போய் மூன்று மாதமாகிவிட்டது. என் தங்கை கலாவிடம் சொல்லிவிட்ட ஒன்றை, அவளைக் கட்டிய உன்னிடமும் சொல்லியாக வேண்டும்.

அன்று காலை எட்டு மணிக்கு ஃபோன் வந்தது. நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த உன் லொறி, விடியுமுன்னே றம்பொடைப் பக்கம் ஒரு வளைவில் பள்ளத்தில் இறங்கிவிட்டது, நீ இல்லை என்றார்கள். நான் அப்போது ஓர் ஆட்டோவுக்கு ஹோர்ன் மாட்டிக்கொண்டிருந்தேன். ஃபோனை வைத்துவிட்டு மீதி இரண்டு ஸ்க்ரூவையும் முறுக்கினேன். “அமுக்கிப் பாருங்க” என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். அவர் அமுக்கினார். சத்தம் சரியாக வந்தது. அதன் பிறகுதான் கடையைப் பூட்டினேன். இப்படியும் ஒருவன் செய்வானா, மச்சான்?

அடுத்த அடி செத்த வீட்டில் விழுந்தது. “ஒரே பனியாம். லைட் எரியலியோ என்னமோ” என்று யாரோ வாசலில் சொன்னார்கள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

உன் லொறிக்கு முன்னால் பனிக்கென்று இரண்டு லைட் பூட்டியவன் நான். பனியில் பெரிய லைட்டைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் நிற்கும், கீழே பதிந்து அடிக்கிற லைட் வேண்டும் என்று நீதான் கேட்டாய். இருவரும் போய் வயர் வாங்கினோம். மெல்லிய வயர் சூடேறி உருகும் என்று சொல்லி, தடித்ததாகவே எடுத்தேன். “இந்தக் கறுப்புப் பெட்டி என்னத்துக்கு?” என்று கேட்டாய். “அதுதான் ரிலே. லைட்டுக்குப் போற கரண்ட் முழுக்க சுவிட்சுக்குள்ள போனா சுவிட்ச் கருகிரும். இது பெட்டரியிலேருந்து நேரா எடுத்துக் குடுக்கும்” என்றேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன்.

பிறகு நீ கேட்டாய்: “ரெண்டுக்கும் தனித்தனியா ரிலே, பியூஸ் போட்டுருவமா? ஒன்னு போனாலும் ஒன்னு நிக்கும்ல?”

“ஒன்னே தாங்கும் மச்சான். சும்மா இரு.”

எனக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போக நேரமாகியிருந்தது. காரணம் அவ்வளவுதான்.

பொலிஸ் முற்றத்தில் நின்ற லொறியைப் பார்க்க அனுமதி வாங்கிப் போனேன். முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. ரிலே நன்றாக இருந்தது. பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். எரிந்திருந்தது. இடது லைட்டின் வயர் இரும்பில் கடிபட்டுச் செம்பு தெரிந்தது. மோதியதில் வயர் கடிபட்டுப் பியூஸ் எரிந்ததா? இல்லை, முதலிலேயே எரிந்து, இரண்டு லைட்டும் ஒன்றாக அணைந்து, வளைவு தெரியாமல் போனாயா? இருபத்தைந்து வருடமாக வயரைத் தொட்டுப் பிழைக்கிறவன் நான். என்னால் சொல்ல முடியவில்லை. எவராலும் சொல்ல முடியாது.

குண்டசாலையில் உன் வீட்டுக்குப் போய்க் கலாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பிள்ளையின் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“தனித்தனியாப் போடச் சொல்லி அவரு கேட்டாரா அண்ணே?”

“கேட்டாரும்மா.”

மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். “நீங்க இப்ப போயிட்டு வாங்க” என்றாள். அதன் பிறகு என் ஃபோனை எடுக்கவில்லை.

நேற்று மத்தியானம் கடை வாசலில் ஒரு ஸ்கூல் வேன் வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து கலா இறங்கினாள். கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தேன்.

“நம்ம புள்ள போற வேன். முன்னுக்கு ரெண்டு லைட் போட்டிருக்காங்க. எத்தன பியூஸ்னு பாருங்க.”

பார்த்தேன். ஒன்றுதான். ரிலேயும் இல்லை, வயர் நூல் மாதிரி இருந்தது. டிரைவர் முனகினார். “எவ்வளவு நேரமானாலும் நிக்கிறோம்” என்று கலா அவரிடம் சொல்லிவிட்டாள். பழையதை உருவி எறிந்து, இரண்டு ரிலே, இரண்டு பியூஸ், இரண்டு லைட்டுக்கும் தனித்தனியாகத் தடித்த வயர் என்று போட்டு முடித்தேன். அவள் கதிரையில் உட்காரவேயில்லை.

“ஒரு பியூஸக் கழட்டிக் காட்டுங்க.”

கழற்றினேன். இடது லைட் அணைந்தது, வலது எரிந்தது. மாற்றிக் கழற்றச் சொன்னாள். செய்தேன். மூன்றாவது தடவையும் செய்யச் சொன்னாள். அப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் நிறுத்தவில்லை.

என்னை அவள் மன்னித்துவிட்டாள் என்று நான் எழுதவில்லை. அவள் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. ஆனாலும் பிள்ளையின் வண்டியை வேறு கடைக்குக் கொண்டுபோகாமல் என்னிடம் கொண்டுவந்தாளே, ஏன் மச்சான்? உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு விளங்கவில்லை.

இனி இந்தக் கடையில் இரண்டு லைட்டை ஒரே பியூஸில் பூட்ட மாட்டேன். அவசரம் என்கிறவரை அப்படியே திருப்பி அனுப்புவேன். உன் பிள்ளை போகும் அந்த வேனை மாதத்துக்கு ஒரு தடவை நானே திறந்து பார்ப்பேன். கலா என்னோடு பேசினாலும், பேசாவிட்டாலும்.

உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
உன் மச்சான் ராஜு