போர்வையைத் தண்ணீரில் போடாதே

மார்லோ கிரீக், ஜார்ஜியா
1891 மார்ச் 9

என் கண்ணே லவீனியா,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை டெஸியும் அந்த ஓரிகன் மழையில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் கர்த்தரிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். உன் அப்பாவும் நல்ல சுகம், அதுதான் இப்போது இந்த வீட்டில் பெரிய தொல்லை. மற்றதையெல்லாம் பிறகு படி, முதலில் இதைக் கேள். போர்வையைத் தண்ணீரில் போடாதே. டெஸி புரளும்போதெல்லாம் அது சரசரவென்று சத்தம் போடுகிறது, வெயில் வந்ததும் பெரிய தொட்டியில் போட்டு அடித்துத் துவைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் கல்யாணத்துக்கு நான் தந்த ஒட்டுத்துணிப் போர்வையைத்தான் சொல்கிறேன், வேறு எதை வேண்டுமானாலும் துவைத்துக்கொள். ஏற்கெனவே ஊறப் போட்டுவிட்டாய் என்றால் எனக்கு உடனே தந்தி அடித்துவிடு, மெதுவாகக் கடிதம் எழுதி என்னைக் கொல்லாதே.

ஏன் என்று சொல்கிறேன், அதற்கு உன் அப்பாவின் கதையைச் சொல்லியாக வேண்டும். சரித்திரச் சங்கம் என்று ஒன்று, அதிலிருந்து ப்ரோக்டர் என்கிற ஒரு மனிதர் கடிதம் போட்டிருக்கிறார், ஜெனரல் வின்ஸ்லெட்டின் சொந்தக் காகிதங்களையெல்லாம் ஏப்ரல் கடைசியில் நேரில் வந்து எடுத்துக்கொண்டு போய்ப் பாதுகாப்பார்களாம். அன்றிலிருந்து என் வீடு வீடாக இல்லை. நாற்காலி மேல் கடிதம், பியானோ மேல் வரைபடம், மாவுப் பானை மூடிமேல் ராஜினாமாக் கடிதத்தின் நகல். சாப்பாட்டு மேஜையில் தினமும் வடக்கத்தியரோடு அந்தப் பழைய வடக்கு தெற்குச் சண்டை நடக்கிறது. உப்புச் சீசா அவர்கள் பீரங்கி, வெண்ணெய்த் தட்டு ஆறு. போன ஞாயிறு பாதிரியார் சாப்பிட வந்தபோது பன்றித் தொடையை வெட்டவே முடியவில்லை, அது இவருடைய இரண்டாவது ரெஜிமெண்டாம், நகரக் கூடாதாம். பாதிரியார் பாவம், வெறும் சோள ரொட்டியும் மோரும் சாப்பிட்டுவிட்டு ஆசீர்வதித்துப் போனார்.

புத்தகம் வேறு எழுதுகிறார். வக்கீலாக இருந்த மனிதர், ஊர்ப் பையன்கள் கை தூக்கித் தேர்ந்தெடுத்துக் கர்னல் ஆனார், அதற்கு முந்தின நாள் நம் பீச் பிராந்தியில் இரண்டு பீப்பாய் காலியானது என்பது புத்தகத்தில் இல்லை. ஜெனரலாக இருந்தது பதினான்கு மாதம், எனக்குப் புருஷனாக இருப்பது முப்பத்தாறு வருஷம். அந்தப் பதினான்கு மாதத்துக்கு முந்நூறு பக்கம். எனக்கு ஒன்றரை வரி, அதிலும் பெயர் இல்லை, அருமை மனைவி என்று மட்டும். சலாடின் என்கிற குதிரைக்குப் பதினொரு பக்கம். அது எந்த மரத்தடியில் நின்றது, எந்தக் காலை முதலில் தூக்கும், எல்லாம் இருக்கிறது. நான் சத்தமாகப் படித்துக்காட்டச் சொன்னால் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது.

கார்வர் துறை விவகாரம் உனக்குத் தெரிந்ததுதான். அறுபத்து மூன்று இலையுதிர் காலத்தில் நம் படையில் ஒரு பகுதி ஆற்றைக் கடந்து போய் அக்கரையில் மாட்டிக்கொண்டது, உன் அப்பா தன் ஆட்களோடு இக்கரையிலேயே மதியம்வரை நின்றார், அவர் போவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மிஸஸ் காடிஸின் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் செத்தார்கள், அந்த அம்மாள் இன்னும் சர்ச்சில் நமக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறாள். மறு உத்தரவு வரும்வரை காத்திரு என்று மேலிடத்திலிருந்து சீட்டு வந்தது, அந்தச் சீட்டு தொலைந்துபோனது, இதுதான் உன் அப்பா இருபத்தேழு வருஷமாகச் சொல்வது. போன வருஷம் பழைய சிப்பாய்களின் பத்திரிகையில் எவனோ ஒருவன், ஜெனரல் அன்று காலை நன்றாகத் தூங்கினார் என்று எழுதிவிட்டான். அவ்வளவுதான், சீட்டைத் தேடி என் துணி அலமாரியைக்கூடக் கவிழ்த்தார். முதலில் எலி தின்றுவிட்டது என்றார், பிறகு வடக்கத்தியர் எரித்துவிட்டார்கள் என்றார், கடைசியில் ஆம்பரோஸ்தான் எடுத்திருப்பான் என்று ஆரம்பித்தார். ஆம்பரோஸை உனக்கு ஞாபகம் இருக்கும், நம்மிடம் அடிமையாக இருந்தவன், பதினைந்து வயதில் உன் அப்பாவோடு சண்டைக்குப் போய்க் குதிரையைப் பார்த்துக்கொண்டவன். இப்போது ஆலைத் தெருவில் சொந்தமாக வண்டிச் சக்கரப் பட்டறை வைத்திருக்கிறான், அவன் மகள் டீச்சர்.

போன செவ்வாய்க்கிழமை அவனே வந்தான். திருட்டுப் பட்டம் கட்டினது காதில் விழுந்து சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நான் பயந்தேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், இவர் உட்காரச் சொல்லவில்லை, நான் சொன்னேன், உட்காரவில்லை. "ஜெனரலய்யா, காயிதமெல்லாம் ஊரை விட்டுப் போகப்போவுதாமே. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் தேடிக் குடுங்க. எங்க அக்கா ஃபீபிய வித்த காயிதம். வாங்கினவன் பேரும் ஊரும் அதுல இருக்கும்" என்றான். அவர்கள் சபைப் பத்திரிகையில் பதினெட்டு வருஷமாக விளம்பரம் போடுகிறானாம், அக்காவைக் கண்டவர் சொல்லுங்கள் என்று, வாங்கினவன் பெயர் இல்லாமல் எவரும் எதுவும் சொல்ல முடியவில்லை என்றான். உன் அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அது எந்தக் காலத்துக் கதைப்பா, யாரோ ஒரு வியாபாரி, மிசிசிப்பிக்காரனோ என்னவோ, எனக்கு ஞாபகமில்ல" என்றார். அதற்கு ஆம்பரோஸ் சொன்னான், "குதிரைக்குப் பதினோரு பக்கம் எழுதியிருக்கீங்கன்னு ஊரே சொல்லுது. எங்க அக்காவ வித்துத்தானய்யா அந்தக் குதிரைய வாங்கினீங்க. மூணு வருசம் நான்தான் அதுக்குத் தண்ணி காட்டினேன். எனக்கு அப்பவே தெரியும். குதிரைக்கு எந்தக் கால் நொண்டும்னு ஞாபகம் இருக்கு, வாங்கிட்டுப் போனவன் பேரு மட்டும் மறந்துபோச்சா?" என் கையில் காபித் தட்டு இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். போகும்போது என்னைப் பார்த்து, "கொர்நீலியாம்மா, நீங்களாச்சும் தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

லவீனியா, நான் தேட வேண்டியதே இல்லை. அவன் படியிறங்கும்போதே அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அறுபத்து மூன்று கிறிஸ்துமஸுக்கு உன் அப்பா லீவில் வந்தபோது வீட்டுப் பத்திரம், படைச் சீட்டு எல்லாம் போட்டு வைத்திருந்த ஒரு தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்துப் பத்திரமாக வை என்றார். அடுத்த மாதம் என்ன குளிர், உனக்கு மார்ச்சளி. கம்பளமெல்லாம் வெட்டிப் படைக்கு அனுப்பியாகிவிட்டது. காகிதம் என்றால் அன்றைக்குப் பொன், வடக்கத்தியர் கப்பல்களால் கடல் வழி அடைபட்டுக் கிடந்தது, நாங்கள் சுவர்க் காகிதத்தின் பின்பக்கத்தில் கடிதம் எழுதினோம். போர்வைக்கு ஆறு மூலைத் துண்டு வெட்டினால் உள்ளே காகிதம் வைத்துத் தைத்தால்தானே மூலை நிற்கும். நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். பழைய குப்பை என்று நினைத்தேன், ஒன்றையும் படிக்கவில்லை, கத்தரியை எடுத்து வெட்டினேன். தைத்து முடித்ததும் எல்லாரும் காகிதத்தை உருவிவிடுவார்கள், நான் கதகதப்பாக இருக்கட்டும் என்று உள்ளேயே விட்டுவிட்டேன். உன் குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்கும் சரசரப்பு வேறு எதுவுமில்லை, உன் அப்பாவின் ராணுவ வாழ்க்கைதான்.

அவரிடம் அன்றே சொன்னேன். கத்துவார், மேஜையைத் தட்டுவார், இன்றைக்கே ரயிலேறி ஓரிகனுக்குப் போகிறேன் என்பார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, "எல்லாத்தையுமா வெட்டின?" என்று கேட்டார். எல்லாவற்றையும் என்றேன். அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பார், முப்பத்தாறு வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா. இருபத்தேழு வருஷம் தேடின சீட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட மனிதன் சந்தோஷப்பட வேண்டாமா? சீட்டு கிடைக்காது என்றல்லவா சந்தோஷப்படுகிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அதில் காத்திரு என்று எழுதியிருக்கவில்லை, அது அவருக்கும் தெரியும். வெட்டினதை ஒட்டலாமே, லவீனியாவுக்கு எழுதுகிறேன் என்றேன். முகம் வெளிறிப்போனது. "வேணாம் கொர்நீலியா. குழந்த தூங்குற போர்வ. பிரிக்காத" என்றார். அப்படியானால் ஃபீபியின் காகிதம் என்றேன். "அதுக்காக இதையும் கிளறணுமா?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் வெண்ணெய்த் தட்டு, உப்புச் சீசா எல்லாவற்றையும் அள்ளி அலமாரியில் போட்டுப் பூட்டினேன். அன்றிலிருந்து அவர் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறார், வாயைத் திறந்து கேட்கவும் இல்லை.

அவரை மட்டும் திட்டி நான் தப்பித்துக்கொள்ளவில்லை. அறுபத்திரண்டு பிப்ரவரியில் அந்த வியாபாரி வந்தபோது நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவைத் திறந்திருந்தால் அவன் பெயராவது காதில் விழுந்திருக்கும். ஃபீபிக்கு அப்போது பத்தொன்பது வயது. உன்னைத் தூக்கி வளர்த்தவள், நீ மூன்று நாள் அவள் பெயரைச் சொல்லி அழுதாய், அவள் சொந்தக்காரரைப் பார்க்கப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று நான் சொன்னேன். அது பொய். நாலு வயதுக் குழந்தையிடம் சொன்ன பொய் என்று இத்தனை வருஷம் அதைக் கணக்கிலேயே சேர்க்காமல் இருந்துவிட்டேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைக் கவனமாகக் கேள். போர்வையை வெயிலடிக்கும் ஜன்னலோரம் விரி. நடுவில் நீலத் துண்டுகளால் ஒரு பூ இருக்கிறது, ஏழு துண்டு. அந்த ஏழுக்கும் கெட்டிக் காகிதமாக வேண்டும் என்று பெட்டியிலிருந்து தேடி எடுத்தேன், அச்சடித்த காகிதம், கோர்ட்டு முத்திரை இருந்தது, அது கையில் தட்டுப்பட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. விற்ற பத்திரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும், அந்தப் பெட்டியில் முத்திரை வைத்தது வேறு இல்லை. ஓட்டுத் தையல்தான், சின்னக் கத்தரியின் நுனியால் நூலை இழுத்தால் வந்துவிடும், பல்லால் கடிக்காதே. துண்டுகளை ஒட்டி முழுசாக்க முயற்சி செய்யாதே, தட்டையாக ஒரு புத்தகத்துக்குள் வைத்துக் கட்டி அனுப்பு. இந்த வீட்டுக்கு வேண்டாம். மிஸ்டர் ஆம்பரோஸ் லாட்டிமர், ஆலைத் தெரு என்று எழுதி அவருக்கே அனுப்பு. மிஸ்டர் என்று போட மறக்காதே. நம் ஊர்த் தபால்காரர் முகத்தைச் சுளிப்பார், சுளித்துக்கொள்ளட்டும்.

உன் அப்பாவின் சீட்டு ஓரத்துத் துண்டுகளில் எங்கேயோ பென்சில் எழுத்தில் இருக்கிறது. அதையும் ஒருநாள் பிரித்துத்தான் ஆக வேண்டும், மிஸஸ் காடிஸ் கண்ணை மூடுவதற்குள் அவளுக்கு அதைக் காட்ட வேண்டும், அதை அவர் வாயாலேயே சொல்லவைக்கப் பார்க்கிறேன். ஆனால் அது இரண்டாவது. ஃபீபி உயிரோடு இருந்தால் அவளுக்கு நாற்பத்தெட்டு வயது, அவளுக்கு ஒரு நாள்கூட வீணாகக் கூடாது. உன் அப்பா கொஞ்சம் காத்திருக்கட்டும், காத்திருப்பதில் அவரைப் போல ஆள் கிடையாது.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக. டெஸியின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு, மாப்பிள்ளையை ஈரக் காலுறையோடு உட்காரவிடாதே. ஒன்று மறந்துவிட்டேன். காகிதத்தை எடுத்துவிட்டு நீலத் துணியை மறுபடி தைத்துவிடாதே, அதையும் சேர்த்தே அனுப்பு. அது ஃபீபியின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, அவளே சாயம் போட்டது. எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டாளாம், வியாபாரிக்கு நேரமில்லையாம், கொடியிலேயே கிடந்தது.

உன் அம்மா,
கொர்நீலியா வின்ஸ்லெட்