வாங் வீட்டு வாசல்

ஜனவரி 17

இன்று மூன்று கூடை புல் சுமந்தேன். இந்தப் பாறைகளுக்கு நடுவில் மாட்டை அவிழ்த்துவிட்டால் அது காலைத்தான் ஒடித்துக்கொள்ளும். அதனால் மாடு சொகுசாகப் படுத்திருக்கிறது, நாங்கள் மலை மலையாக மேய்கிறோம். முதுகு பிளக்கிறது.

மதியம் சுவா வந்தாள். என் நாத்தனார். எட்டு மாத வயிற்றோடு யாரோ ஒருவனுடைய மோட்டார் சைக்கிளில் ஏறி, பள்ளத்தாக்கைத் தாண்டி வந்திருக்கிறாள். “அப்பாவுக்கு இருமல்னு சொன்னாங்க அண்ணி. பாத்துட்டு நாளைக்கே போயிடுவேன்.” நான் திட்டினேன். ஊர் மருத்துவச்சி நான், என் வீட்டிலேயே இப்படி ஒரு பெண். ஆனாலும் அவள் வந்ததில் வீடு கலகலப்பாக இருக்கிறது. அவள் புருஷனும் என் புருஷனும் சமவெளியில் ஒரே தொழிற்சாலையில், பிப்ரவரியில் வரும் எங்கள் புத்தாண்டுக்குத்தான் வருவார்கள்.

ஜனவரி 18

வடக்குக் காற்று. மழை விழும்போதே உறைகிறது. சோளத் தட்டை ஒவ்வொன்றும் கண்ணாடிக் குழாய்க்குள் நிற்கிறது. பாதையில் கால் வைக்க முடியவில்லை. சுவா போகவில்லை.

ஜனவரி 20

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தலை இறங்கியிருக்கிறது. எட்டு மாதமாம்! நிலாவைப் பார்த்து எண்ணியிருக்கிறாள். போன வருஷத்து மேகத்தில் ஒரு நிலாவைத் தவறவிட்டிருக்கிறாள். இது முழு மாதம்.

மாமனாரிடம் சொன்னேன். அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டே, “பாதை திறந்துடும்” என்றார்.

எப்படித் திறக்கும்? யார் திறப்பார்கள்?

ஜனவரி 21

மேட்டுப் பாறைமேல் ஏறினால்தான் கைப்பேசிக்கு உயிர் வருகிறது. கீழே சுகாதார நிலையத்தில் இருக்கும் நோங் அக்காவிடம் பேசினேன். ஆம்புலன்ஸ் பதினான்கு கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டதாம்.

“உங்க வீட்டுலயே பாத்துக்கயேன். இருபது பிரசவம் பாத்தவ நீ.”

“வீட்டுல கூடாது அக்கா. அவ பொறந்த வீடு இது.”

அக்கா எங்களைப் போல மங் இல்லை, ‘தாய்’ என்ற இனத்துக்காரி, பள்ளத்தாக்கில் வயல் ஓரம் வளர்ந்தவள். “பாறை மேல உக்காந்துக்கிட்டு இந்த மங் ஜனங்க பேசற சட்டம் இருக்கே...” என்றாள். வேறொரு நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

கட்டிக்கொடுத்த பெண் எங்கள் சுங் குலத்து வீட்டுத் தெய்வத்துக்கு அந்நியம். அவள் இப்போது புருஷனுடைய வாங் குலத்துக்காரி. இந்தக் கூரைக்குக் கீழே அவள் பெறவும் கூடாது, சாகவும் கூடாது. நானும் அப்படித்தான் நம்புகிறேன். நம்பிக்கொண்டே அதைச் சபிக்கிறேன்.

ஜனவரி 22

மாமனார் மாட்டுக் கொட்டிலின் ஒரு மூலையில் வைக்கோல் பரப்பி, தட்டி கட்டியிருக்கிறார். “இங்க பெத்துக்கட்டும். மாட்டுக்குப் போட்ட நெருப்பு இருக்குல்ல.” சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கொட்டிலின் மூன்று பக்கமும் காற்று. வாளியில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். சோறு வேகும் நேரத்துக்குள் பனி ஏடு கட்டிவிட்டது. ஈரத்தோடு வெளியே வரும் குழந்தை என்ன ஆகும்?

அப்போதுதான் அந்தப் பெயரைச் சொன்னேன். மேலே ஒற்றை வீடாக இருக்கும் வாங் மீ போ. இந்தச் சுங் ஊரில் ஒரே ஒரு வாங். சுவா புருஷனோடு குலமும் ஒன்று, சடங்கும் ஒன்று. அவர் வீட்டில் அவள் பெறலாம், ஒரு தோஷமும் இல்லை.

மாமனார் எழுந்து போய்விட்டார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் ஊரின் ஒரே ஊற்று கையளவு சுரந்தபோது, தண்ணீர் பிடிக்க முறைப் பட்டியல் போட்டவர் மாமனார்தான். சுங் வீடுகள் எல்லாம் முடிந்த பிறகு வாங். அதாவது ஒன்றுமில்லை. மீ போவின் மனைவி பள்ளத்தாக்கு ஆற்றுக்கு இறங்கினாள், கேனோடு மேலே ஏறும்போது விழுந்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் உடலை எடுத்தார்கள். அன்று முதல் அந்த மனிதர் ஊற்றுப் பக்கம் வருவதில்லை. இன்னமும் ஆற்றுக்குத்தான் போகிறார்.

ஜனவரி 23

காலில் துணி சுற்றிக்கொண்டு நானே ஏறினேன். அரை மணி வழிக்கு இரண்டு மணி. கதவைத் திறக்காமலே கேட்டார், “யாரு?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

“கேக்க வேண்டியவன் கால் என்ன முறிஞ்சா போச்சு?”

அவ்வளவுதான்.

திரும்பி வந்து சொன்னேன். மாமனார்: “அவன் வாசல்ல போய் நிக்கறதுக்கு நான் செத்துப்போயிடலாம்.” சுவா போர்வைக்குள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காதில் விழுந்திருக்கும்.

ஜனவரி 24, காலை

வலி வந்துவிட்டது. கொட்டிலில் இருக்கிறாள். உதடு நீலம்.

என்ன மனுஷங்க இவங்க. என்ன வீடு இது.

ஜனவரி 25

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். விரல்கள் இப்போதுதான் மடங்குகின்றன.

மாமனார் மாட்டுக்கு நெருப்பைத் தூண்டிவிட வந்தார். நான் கத்தினேன். மருமகள் மாமனாரிடம் பேசும் பேச்சா அது? “மாட்டுக்குக் கணப்பு போடறீங்க, மகள வெறைக்க விடுறீங்க! உங்க பட்டியல்ல ஒரு பொம்பள செத்தா. இன்னிக்கி இன்னொருத்தி. எழுதிக்குங்க!”

அவர் கையில் இருந்த கட்டை விழுந்தது. அப்புறம் புல் சுமக்கும் பட்டையை எடுத்தார். குனிந்து உட்கார்ந்து, “ஏறும்மா” என்றார் சுவாவிடம்.

நான் முன்னால் மண்வெட்டியால் பனிக்கட்டியைக் கொத்திப் படி வெட்டிக்கொண்டே போனேன். அவர் பின்னால். அறுபத்திரண்டு வயது, நெஞ்சில் இருமல், முதுகில் வலியில் துடிக்கும் மகள். ஒவ்வொரு வலிக்கும் நின்றோம். அவள் அவர் தோளைக் கடித்தாள். சட்டையில் ரத்தம் பார்த்தேன்.

மீ போவின் கதவு திறந்திருந்தது. அவர் நிலைப்படியில் நின்று நாங்கள் ஏறுவதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாரோ. மாமனார் வாசலில் மகளை இறக்கவில்லை. அவளைச் சுமந்தபடியே பனிக்கட்டியில் மண்டியிட்டார். நெற்றி தரையில் படக் குனிந்தார். இரண்டு தடவை.

“போதும், எறக்கு” என்றார் மீ போ. “உனக்காக இல்ல. அவ வாங் வீட்டுப் பொண்ணு. இங்க பொறக்கறதுக்கும் எடம் இருக்கு, சாகறதுக்கும் எடம் இருக்கு. நீ வெளியில நில்லு.”

உள்ளே போனதும் தண்ணீர் கேட்டேன். கேனில் நான்கு விரல் ஆழம், அதுவும் உறைந்து. வெளியிலிருந்து மாமனார், “ஊத்துலேந்து நான் கொண்டாறேன்” என்று கத்தினார்.

“அந்தத் தண்ணி இந்த வாசல் தாண்டக் கூடாது” என்றார் மீ போ.

“பெரியவரே, இதுவா நேரம்!” என்றேன்.

மீ போ வெட்டுக்கத்தியை எடுத்துப் போனார். கூரை விளிம்பில் தொங்கிய பனிக் குச்சிகளை வெட்டி வெட்டிச் சட்டியில் குவித்தார். “வானத்துத் தண்ணிக்கு யாரும் முறை போட முடியாது” என்றார். அதை அடுப்பில் உருக்கித்தான் கை கழுவினேன், குழந்தையைத் துடைத்தேன்.

பையன். மதியத்துக்கு முன்னால் பிறந்தான். முதலில் அழவில்லை. முதுகைத் தேய்த்தேன், காலைச் சுண்டினேன், வாயால் உறிஞ்சித் துப்பினேன். அழுதான். வெளியே மாமனார் இருமுவது கேட்டது.

அப்புறம் ரத்தம். நிற்கவே இல்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஊசி மருந்து. போட்டேன். வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன், கை மரத்துப்போகும் வரை, மரத்த பிறகும். “குளிருது அண்ணி... அப்பா எங்க?” என்றாள். சுவரோரம்தான் இருக்கிறார் என்றேன். மீ போ பெட்டியைத் திறந்து தன் மனைவியின் சணல் பாவாடைகளை எடுத்து ஒவ்வொன்றாக அவள்மேல் போட்டார். நான்கு வருஷம் மடித்தே வைத்திருக்கிறார். ஒன்று முழுக்க ரத்தத்தில் நனைந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

ஜனவரி 26

ரத்தம் நின்றுவிட்டது. கண் திறந்தாள். கஞ்சி குடித்தாள்.

ஜனவரி 28

பனி உருகுகிறது. எங்கள் மாடு செத்துப்போனது. அன்று அதன் நெருப்பு அணைந்தே கிடந்திருக்கிறது.

ஜனவரி 30

பையனின் நஞ்சுக்கொடியை மீ போ அன்றே தன் வீட்டு நடுத்தூணடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். எங்கள் வழக்கில் அதுதான் மனிதனின் முதல் சட்டை. என்றைக்காவது சாகும்போது அதைத் தேடி உயிர் அந்த வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். மாமனார் இதைக் கேட்டுவிட்டு, “ஆழமாத் தோண்டினானா?” என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 12

முப்பது நாள் முடியும் வரை மீ போ வீட்டுக் கதவில் பச்சைக் கிளை தொங்கும், வெளியாள் போகக் கூடாது. எனக்கு மட்டும் விலக்கு. மாமனார் தினமும் பாதித் தூரம் வந்து, கோழியையும் ஊற்றுத் தண்ணீர்க் கேனையும் பாறைமேல் வைத்துவிட்டுப் போகிறார். இரண்டையும் நான் தூக்கிக்கொண்டு போகிறேன்.

“கோழி அவளுக்கு. உள்ள கொண்டா. தண்ணி எனக்கு. வேணாம்.” தினமும் மீ போவின் பேச்சு இதுதான். தினமும் அந்தக் கேனைத் திரும்பச் சுமக்கிறேன். கனத்தைவிட வெட்கம் அதிகம்.

பிப்ரவரி 24

கிளையை எடுத்தாயிற்று. புத்தாண்டுக்கு வந்திருந்த சுவாவின் புருஷன் அவளையும் பையனையும் கூட்டிக்கொண்டு போனான். மீ போ பையனை ஒருமுறை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

மார்ச் 9

ஊற்று மெலிந்துவிட்டது. ஊர் கூடி முறைப் பட்டியல் போடச் சொன்னது. எழுதத் தெரிந்தவள் நான்தான். மாமனார் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் பெயர் வாங் மீ போ. கடைசிப் பெயர் எங்களுடையது.

இன்று மீ போவின் முறை. மாமனார் விடியலிலேயே ஊற்றடிக்குப் போய்விட்டார். சுங் பெண்கள் கேனோடு வந்து நின்றார்கள், மாமனார் தொடவிடவில்லை. “அவன் முறை முடியட்டும்.” மதியம் வரை காத்திருந்தார்கள், பிறகு முனகிக்கொண்டே போனார்கள். தண்ணீர் நிரம்பி வழிந்து பாறைக்குள் இறங்கியது.

நான் மேலே ஏறிப் பார்த்தேன். மீ போ கேனை முதுகில் கட்டிக்கொண்டு பள்ளத்தாக்கு ஆற்று வழியில் இறங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துக் கையசைத்தார், கோபமில்லாமல். பிறகு இறங்கினார்.

கீழே வந்து மாமனாரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

“நாளைக்கும் அவன் பேரையே மொதல்ல எழுது” என்றார்.