நிறுத்தாத இஞ்சின்

மிட்சம், லண்டன்
18.01.2026

அன்பு மகள் சுவர்ணாவுக்கு,

நீயும் மருமகன் யனுஷனும் அந்தக் கனடாக் குளிருக்குள் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா காலையில் விளக்கேற்றும்போது சொன்னதை நானும் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதத் தொடங்குகிறேன். எங்களுக்கு உடம்பில் பெரிதாக ஒன்றுமில்லை. ட்ராமில் ஏறும்போது என் முழங்கால் மக்கர் பண்ணுகிறது, அம்மாவின் பிரஷர் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். உன் தம்பி சிவதர்ஷன் முந்தநாள் டூட்டிங் கடையில் இருந்து பனங்கிழங்கு ஒடியல் மா வாங்கி வந்து கொடுத்தான், அம்மா கூழ் காய்ச்சி முடிக்கும்வரை இருக்கப் பொறுமையில்லை, ஷிப்ட் என்று ஓடிவிட்டான். கூழ் முழுவதும் என் தலையில் கட்டப்பட்டது, அதையும் நான் சரியாகக் குடிக்கவில்லை. காரணம் நீ அனுப்பிய வீடியோ.

பிள்ளை, அந்த வீடியோவை நீ சந்தோஷமாகத்தான் அனுப்பினாய். வீட்டோடு சேர்த்து வாங்கிய அந்தப் பழைய டிராக்டரையும், அதன் பின்னால் பூட்டிய, பனியை அள்ளி வீசும் ஸ்னோ புளோவரையும் நீ தனியாக ஓட்டி அரை மைல் பாதையைத் துப்புரவாக்கியதைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. யனுஷன் லொறியோடு போனால் பத்து நாளுக்கு வரமாட்டான், பாதை மூடிக்கிடந்தால் நீ ஆஸ்பத்திரி வேலைக்குப் போக முடியாது, எல்லாம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கடைசியில் பனி வெளியே பறக்கும் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டது, நீ ஃபோனைச் சீட்டில் நிறுத்தி வைத்துவிட்டுக் கீழே இறங்கிப்போய் கையை உள்ளே விட்டுத் தோண்டினாய். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. உனக்குப் பழகிப்போன சத்தம், நான் கூழ்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குமேல் அம்மா அனுப்பிய நீளமான கம்பளிச் சால்வை உன் கழுத்தில் இருந்து டிராக்டரில் இருந்து புளோவரைச் சுழற்றும் தண்டுக்குக் கிட்டத் தொங்குகிறது. தான் அனுப்பிய சால்வைதான் அது என்று கண்டதும் அம்மா வீடியோவை நிறுத்தச் சொன்னார். உடனே உனக்கு ஃபோன் எடுத்தேன். லீவரைத் தட்டித் தண்டை நிற்பாட்டிவிட்டுத்தான் கை வைத்தேன் என்றாய். அது அறுபது வருட டிராக்டர், மகள். லீவரைத் தட்டினாலும் உள்ளே தேய்ந்த பாகங்கள் மெதுவாக இழுத்துக்கொண்டுதான் இருக்கும், எந்த நேரம் பிடிக்கும் என்று அதற்கே தெரியாது. ஏன் இஞ்சினை நிறுத்தவில்லை என்று கேட்டேன். கொட்டிலுக்குள் கரண்டில் கொளுவிச் சூடாக்கினால்தான் ஸ்டார்ட் வரும், நடுவழியில் நிண்டால் பிறகு அசைக்க ஏலாது என்றாய். பிறகு சிரித்துக்கொண்டு, நீங்கள்தானே அப்பா சொல்லித் தந்தனீங்கள், ஓடுற இஞ்சினை நிப்பாட்டக் கூடாதெண்டு, என்றாய். சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

ஓம், நான்தான் சொல்லித் தந்தேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுத் தண்ணீர் இறைக்கும் இஞ்சினைத் தொடக்கி, ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நிறுத்தினால் அடுத்த நாலு சொட்டுக்கு எங்கே போவது? அந்தப் பழக்கத்தை லண்டனுக்கும் கட்டிக்கொண்டு வந்தேன். தெருவுக்குத் தெரு பெற்றோல் கிடைக்கிற ஊரில், புல்வெட்டும் மெஷினுக்குள் புல் அடைத்தால் ஓட விட்டபடியே தோண்டினேன், நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். கெட்டித்தனம் என்று நினைத்தேன். மடைத்தனம்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை ஃபோனில் சொல்ல எனக்குத் துணிவில்லை. என் இடது கையில் இரண்டு விரல் சண்டையில் செல் குண்டு அடியில் போனது என்றுதானே உனக்குத் தெரியும். அப்படி இல்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது மெஷினின் பெல்ட் நழுவியது. நிறுத்தினால் பெற்றோல் வேண்டும் என்று ஓடும்போதே கையால் தள்ளினேன். கண்மூடித் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கிழமை எங்கள் பகுதியில் செல் விழுந்து பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். என்னைக் கண்டதும் செல்லோ என்று ஒருவர் கேட்டார், வெட்கத்தில் தலையாட்டிவிட்டேன். ஆட்டிய தலையைப் பிறகு நிறுத்த முடியவில்லை. நீ இங்கே பள்ளிக்கூடத்தில் என் விரல்களைப் பற்றிக் கட்டுரை எழுதினாய். உன் ஆசிரியை பெற்றோர் கூட்டத்தில் அதை வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் உன் அம்மா. முப்பது வருடமாக என்னைக் காட்டிக்கொடுக்காதவர், வீடியோவைப் பார்த்த பிறகு, நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுறன் என்று சொல்லிவிட்டு இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ இஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் இறங்கியிருப்பாய் என்றும் சொன்னார். அவர் சொன்னது சரி.

என் மேல் கோபம் வந்தால் கோபி, எவ்வளவு நாளும் கோபி. ஆனால் இனி அடைத்தால் இஞ்சினை நிறுத்து, சாவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடு, எல்லாம் அசையாமல் நின்றதைக் கண்ணால் பார், பிறகும் கையை விடாதே, விளக்குமாற்றுத் தடியால் தோண்டு. திரும்ப ஸ்டார்ட் வராவிட்டால் அது அங்கேயே கிடக்கட்டும், வேலைக்கு வர ஏலாது என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லு. சால்வையை அலுமாரிக்குள் வை, கழுத்தை மூட வேறு ஏதாவது தைத்து அனுப்ப அம்மா துணி வெட்டிக்கொண்டிருக்கிறார்.

முருகன் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். இனி வீடியோ எடுத்தால் இஞ்சினை நிறுத்தியபிறகு எடு. வெறும் காற்றுச் சத்தம் கேட்டால் போதும். கேட்டால்தான் அம்மா என்னோடு பேசுவார்.

பத்து விரலும் உனக்கு நிலைக்க வேண்டும் என்று கும்பிடும்,
எட்டு விரல் அப்பா,
கணேசலிங்கம்